இணைப்பு யார் பெயரில்?

மாதத்தின் முதல் தேதி காலையில் எங்கள் வீட்டு ஓனர் அம்மா மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சப்-மீட்டரைப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எண்ணைக் குறித்துக்கொள்வார். போன மாத எண்ணைக் கழித்து, மிச்சத்தை ஒன்பதால் பெருக்கி, வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார். சென்னையில் வாடகைக்கு இருக்கும் யாருக்கும் இது புதிய செய்தி இல்லை. சில இடங்களில் எட்டு ரூபாய், சில இடங்களில் பத்து. மின்வாரியமோ 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. 400 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்கிற வீட்டிடம் அதற்கு மேல் அது வாங்குவது யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. அரசு எனக்கென்று கொடுக்கும் இலவசமும் மானியமும் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. எனக்கு வந்து சேர்வது ஓனர் சொல்லும் விலை.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தருகிறேன். மாலையில் பத்துப் பன்னிரண்டு மாணவிகள் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தில் பிரெட் கிறிஸ்டோபர்ஸ் எழுதிய 'தி பிரைஸ் இஸ் ராங்' என்ற நூலை எடுத்துக்கொண்டோம். 2024இல் வெளிவந்தது. அவர் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியர். நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் சூரியனுக்கும் உலகம் மாற வேண்டும் என்றால் அந்த மாற்றத்தை நடத்தப்போவது அரசா, சந்தையா என்பதுதான் நூலின் கேள்வி. மூன்றாம் வாரம், அதிகம் பேசாத ஒரு மாணவி கேட்டாள்: "மேம், இதுல நாம யாரு? அரசுமில்ல, மார்க்கெட்டுமில்ல. கன்ஸ்யூமர்னு சொல்றாங்க. ஆனா எங்க வீட்டு கரண்ட் கார்டுல தாத்தா பேருதான் இருக்கு, அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு." எல்லாரும் சிரித்தோம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் அன்று சொல்லத் தெரியாமல் போன பதில்.

முதலில் நூலுக்கு நியாயம் செய்துவிடுகிறேன், ஏனென்றால் அதன் முக்கால் பங்கு எனக்கு உடன்பாடு. சூரிய மின்சாரத்தை உற்பத்தி செய்யும் செலவு 2010க்கும் 2020க்கும் இடையில் சுமார் 85 சதவீதம் குறைந்தது. புதிதாகக் கட்டுவதென்றால் பல நாடுகளில் நிலக்கரியைவிட அதுதான் மலிவு. இதை வைத்துக்கொண்டு பொருளாதார அறிஞர்களும் அமைச்சர்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: விலை குறைந்துவிட்டது, இனிச் சந்தை பார்த்துக்கொள்ளும், அரசு ஒதுங்கிக்கொள்ளலாம். கிறிஸ்டோபர்ஸ் கேட்கும் கேள்வி எளிமையானது. முதலாளி எதைப் பார்த்துப் பணம் போடுகிறார்? விலையைப் பார்த்தா, லாபத்தைப் பார்த்தா? மலிவாக உற்பத்தியாகும் பொருளில் லாபம் அதிகம் வந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மின்சாரத்தில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். யார் வேண்டுமானாலும் பேனல் வாங்கிப் போடலாம், போட்டி அதிகம், ஒருவருடைய மின்சாரத்துக்கும் இன்னொருவருடைய மின்சாரத்துக்கும் வித்தியாசம் இல்லை. சந்தையில் மணிக்கு மணி விலை ஏறி இறங்குகிறது. வெயில் அடிக்கும்போது எல்லாப் பேனலும் சேர்ந்து உற்பத்தி செய்வதால் தங்கள் விலையைத் தாங்களே கீழே தள்ளிவிடுகின்றன. வங்கிக்காரர் இதைப் பார்த்துக் கடன் தரத் தயங்குகிறார்.

ஆகவே சூரிய, காற்று மின்சாரம் எங்கே வளர்ந்ததோ அங்கெல்லாம் அரசு பின்னால் நின்று விலைக்கோ லாபத்துக்கோ உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. நீண்ட கால ஒப்பந்தமாக, வரிச்சலுகையாக, நிர்ணயித்த கொள்முதல் விலையாக. சந்தையின் வெற்றி என்று கொண்டாடப்படுவதைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் அரசின் கஜானா தெரிகிறது. உத்தரவாதம் இல்லாத இடத்தில் மூலதனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எண்ணெய் நிறுவனங்களே சாட்சி. 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று 2020இல் அறிவித்த பிபி நிறுவனம், எண்ணெய் விலை ஏறி லாபம் கொட்டியதும் 2023 பிப்ரவரியில் அந்த இலக்கை 25 சதவீதமாகச் சுருக்கிக்கொண்டது. மனசாட்சியைப் பற்றிய கதை இல்லை இது, கணக்கு.

நூலில் ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான் அதிக இடம் பிடித்திருக்கின்றன. ஆனால் அதன் வாதத்துக்கு எங்கள் ஊரைவிட நல்ல சான்று கிடைக்காது. என் ஊர் பணகுடிக்குப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடிக் காற்று புகுந்து வரும் பாதை. காற்றாலை என்ற சொல் எங்களுக்குப் பள்ளிப் புத்தகத்தில் வந்தது; ஊரில் அதற்குக் காத்தாடி என்று பெயர். 1986இல் தூத்துக்குடிக் கடற்கரையில் அரசுதான் முதலில் மாதிரிக்குச் சில காற்றாலைகளை நிறுத்திக் காட்டியது. அடுத்த ஆண்டு இதற்கென்றே கடன் கொடுக்க 'இரெடா' என்ற மத்திய அரசு நிறுவனம் வந்தது. 1990களில் காற்றாலை வாங்கும் கம்பெனி, போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை வந்தது. முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே கோயம்புத்தூர் ஆலைக்குக் கொண்டுபோகலாம். காற்று அடிக்கும் மாதங்களில் மிஞ்சுவதை வாரியத்திடம் போட்டுவைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு 'பேங்கிங்' என்றே பெயர். இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. தனியார் முதலீட்டின் சாதனை என்று இதைச் சொல்வார்கள். முதலீடு தனியாருடையதுதான், அந்த முதலீட்டுக்குத் தூக்கம் வரவைத்தது பொதுப் பணம்.

இந்தக் கதைக்குள் என் சித்தி இருக்கிறாள்.

சித்தப்பா சீக்கிரம் இறந்துபோனார். மாமனார் பெயரில் இருந்த ஒன்றேகால் ஏக்கர் மானாவாரியில் கொள்ளும் பயறும் போட்டு, ஐந்தாறு ஆடு வைத்துக்கொண்டு, சித்தி தன் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். தொண்ணூறுகளின் நடுவில் புரோக்கர்கள் ஊருக்குள் வந்தபோது அவளுடைய கொழுந்தன் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனுக்கு முன்பே இறந்த மகனின் மனைவிக்கும் பங்கு உண்டு. சித்திக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அவள் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. நிலம் போனது அவளுக்குத் தெரியவந்ததே ஆடு பற்றிக்கொண்டு போனபோது அங்கே அளவுக்கல் நட்டுக்கொண்டிருந்ததால்தான். பிறகு அதே இடத்தில் அடித்தளம் போட ஆள் கூப்பிட்டார்கள். சித்தி ஜல்லிச் சட்டி சுமந்தாள். கான்கிரீட் காய்ந்ததும் அந்த வேலையும் முடிந்தது. அதன்பின் முப்பது வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கைகளுக்கு அவளிடம் எந்தக் கணக்கும் இல்லை. கல்லூரிக்குப் போய்வந்து நான் ஒருமுறை வீறாப்பாகக் காற்று எல்லாருக்கும் பொதுச்சொத்து என்று பேசியபோது, "காத்து என்ன பத்திரம் பாத்துட்டா அடிக்கு? காசுதான் பத்திரம் பாத்துப் போவுது" என்று சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்து போனாள்.

கிறிஸ்டோபர்ஸின் கண்ணில் இந்த விற்பனை படாது. அவருடைய நூலில் நிலம் ஒரு செலவுத் தலைப்பு: இத்தனை ஏக்கர், இத்தனை விலை. விற்றவர் யார், விற்கும் உரிமை யார் வீட்டில் யாரிடம் இருந்தது என்பது அந்தக் கணக்குக்குத் தேவைப்படுவதில்லை. கம்பியின் மறுமுனையிலும் இதே கதைதான். முப்பந்தல் மின்சாரம் போய்ச் சேர்ந்த மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைத் தொழிலில்தான், மூன்று வருடம் விடுதியில் அடைத்துவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லும் சுமங்கலித் திட்டம் செழித்தது. தெற்கு மாவட்டங்களிலிருந்து பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் வேனில் ஏறிப் போனார்கள். என் வகுப்பில் படித்தவர்களில் சிலர் போனார்கள். காற்றாலை வைத்திருந்த ஒவ்வொரு ஆலையும் அப்படித்தான் நடந்துகொண்டது என்று நான் சொல்லவில்லை. ஒரே தொழில், ஒரே காலம், மலிவான காற்று, மலிவான பெண்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஏற்றுமதியாகும் துணிக்குச் சுத்தமான மின்சாரம் என்று சான்றிதழ் ஒட்டுவது இப்போது அதிகமாகிவருகிறது. அந்தச் சான்றிதழைப் பார்க்கும்போது விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சூரிய மின்சாரத்துக்கு வந்தால் கமுதி. 2016 செப்டம்பரில் அதானி நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டத்தில் 648 மெகாவாட் நிலையத்தை 2,500 ஏக்கரில் முடித்தபோது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது என்று பேசப்பட்டது. அதன் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு வாங்கிக்கொள்ள வாரியம் ஒப்பந்தம் போட்டிருந்தது. மறு வருடமே, 2017இல், அதே வாரியம் நடத்திய ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு வந்துவிட்டது. 25 வருட ஒப்பந்தம் என்பதால் முதல் விலையிலிருந்து விலக முடியாது. விலை சரிந்தால் அந்த நஷ்டம் யாருடையது? ஒப்பந்தம் போட்ட வாரியத்துடையது. வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதற்குக் கமுதி மட்டும் காரணம் இல்லை. நிலக்கரி கொள்முதலில் தொடங்கிப் பெரிய பட்டியலே உண்டு. ஆனால் கிறிஸ்டோபர்ஸ் சொல்லும் விதி இங்கே அச்சுப் பிசகாமல் இருக்கிறது: லாபம் உறுதி செய்யப்பட்ட பிறகே மூலதனம் வந்தது, உறுதி செய்த செலவு பொதுத் தலையில் விழுந்தது. 2022 செப்டம்பரில் எட்டு வருடங்களுக்குப் பிறகு கட்டணம் ஏறியபோது அதன் ஒரு துளி எங்கள் ஓனர் அம்மாவின் நோட்டிலும் விழுந்தது. அதுவரை எட்டு, அன்றிலிருந்து ஒன்பது.

அந்த 2,500 ஏக்கரைப் பற்றிப் பேசும் எல்லாரும் தரிசு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ராமநாதபுரத்தில் தரிசு என்று கணக்கில் எழுதப்படும் நிலம் என்றால் என்ன என்று அந்த மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் என் மாணவிகளுக்குத் தெரியும். சீமைக்கருவேலம் வெட்டி, அடுக்கி, கரிமூட்டம் போட்டு, புகையில் நின்று கரி அள்ளும் வேலை அங்கே எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. அதில் பாதிக்கு மேல் பெண்களின் கை. அதை நான் புகழவில்லை. நுரையீரலைத் தின்னும் வேலை அது. அது போவதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் கருவேலம் நிற்கும் நிலம் பேனல் நிற்கும் நிலமாக மாறும்போது நிலக்காரருக்கு விலை கிடைக்கிறது, கரி அள்ளியவளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அவள் இழந்ததற்கு ஆவணமே இல்லாததால் அது இழப்பு என்றே யாரும் எழுதுவதில்லை.

இப்போது நூலின் முடிவுக்கு வருகிறேன். சந்தையால் முடியாது என்றால் என்ன செய்வது? பொது உடைமையை நோக்கித்தான் கிறிஸ்டோபர்ஸ் போகிறார். மின்சாரம் விற்பனைச் சரக்காக இருக்கத் தோதில்லாத பொருள். லாபத்தை எதிர்பார்க்காத அரசே அதைக் கட்டட்டும் என்கிறார். இதற்குக் கார்ல் பொலானியைத் துணைக்கு அழைக்கிறார். நிலம், உழைப்பு, பணம் மூன்றும் விற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, அவற்றைச் சரக்கு என்று பாவனை செய்துதான் சந்தைப் பொருளாதாரம் ஓடுகிறது என்று 1944இல் எழுதியவர் பொலானி. அந்த வரிசையில் மின்சாரத்தையும் வைக்கலாம் என்பது கிறிஸ்டோபர்ஸின் யோசனை. நல்ல யோசனை. எங்கள் வட்டத்தில் பலர் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. காரணம் எளிது: எங்களுக்குப் பொதுத்துறை மின்சாரம் கனவு இல்லை, அனுபவம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1957இல் தொடங்கியது. இன்று பல கம்பெனிகளாகப் பிரித்திருந்தாலும் கம்பியும் கம்பமும் இன்னும் அரசுடையவைதான். அது கிராமம் கிராமமாக வெளிச்சம் கொண்டுபோனதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அம்மா தன் பத்து வயது வரை படித்தது அரிக்கேன் விளக்கில். ஆனால் அந்த வாரியம் மக்கள் என்று யாரை எண்ணியது?

1970 ஜூன் மாதம் பெருமாநல்லூரில், பம்புசெட் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த விவசாயிகள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை அது. அதைப் பறிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உறவில்லை. இருந்தாலும் கேட்டாக வேண்டும்: விவசாயி என்று அங்கே எழுதப்பட்டவர் யார்? கிணறும் மோட்டாரும் பட்டாவும் உள்ளவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் பெயரில் நடப்பவை சுமார் 14 சதவீதம். நாற்று நடுகிறவளும் களை பறிக்கிறவளும் அந்த மின்சாரத்தால் விளைந்த வயலில் கூலிக்கு நின்றார்கள். மோட்டார் அவள் பெயரில் இல்லை. இன்றைக்குச் சூரிய பம்புசெட்டுக்குத் தரும் மானியமும் பட்டா, சிட்டா கேட்டுத்தான் தொடங்குகிறது. மகள்களுக்குப் பிறப்பிலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகும் என் மாணவிகளிடம் உங்கள் அம்மா பெயரில் எத்தனை சென்ட் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிறது.

நான்சி ஃப்ரேசர் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில் பொலானியோடு நடத்தும் சண்டை இங்கே எனக்கு உதவுகிறது. பொலானிக்கு இரண்டு திசைகள்தாம் தெரிந்தன: சந்தை பரவுகிறது, சமூகம் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஃப்ரேசர் கேட்கிறார், காத்துக்கொள்ளும் அந்தச் சமூகத்துக்குள் யார் யாரை அடக்கிவைத்திருந்தார்கள்? போருக்குப் பிந்திய மேற்கு நாடுகளின் நலத்திட்டங்கள் ஆண் சம்பாதிப்பவன், பெண் அவனைச் சார்ந்தவள் என்ற அச்சில் வார்க்கப்பட்டவை. அதனால் சந்தை, பாதுகாப்பு இரண்டோடு விடுதலை என்ற மூன்றாவது விசையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். கிறிஸ்டோபர்ஸ் பொலானியை எடுத்துக்கொண்டபோது இந்த மூன்றாவதை விட்டுவிட்டார். அவருடைய அரசு, சந்தையின் தோல்வியைச் சரிசெய்யும் நல்ல பொறியாளர். அந்தப் பொறியாளர் பத்திரத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டும் பேசும் பழக்கம் உடையவர் என்பது நூலில் இல்லை.

விட்டதை நாம் சேர்த்துக்கொண்டால் போதும், நூலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இப்போது வந்துகொண்டிருக்கும் இரண்டு மாற்றங்களில் அதைப் பொருத்திப் பார்க்கலாம்.

ஒன்று, கூரை. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்குப் பெரிய திட்டம் அறிவித்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். தகுதி: சொந்த வீடு, பேனல் போடத் தோதான கூரை, உங்கள் பெயரில் மின் இணைப்பு. அரசும் சந்தையும் இங்கே கைகோத்து நடக்கின்றன. மானியம் அரசுடையது, பேனலும் கடனும் சந்தையுடையது. இரண்டுமே வாசலில் கேட்பது ஒரே தாளை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு, ஓலைக்கும் தகரத்துக்கும் கீழே இருப்பவர்களுக்கு, கணவன் பெயரில் உள்ள வீட்டில் இருபது வருடம் சமைத்துவிட்டு இப்போது தனியாக இருப்பவளுக்கு அந்தத் தாள் இல்லை.

இரண்டாவது, கடிகாரம். என் பயம் இதில்தான் அதிகம். 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. வெயில் உள்ள எட்டு மணி நேரத்தில் மின்சாரம் 10 முதல் 20 சதவீதம் வரை மலிவாகவும், தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகமாகவும் விலை வைக்க வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரலிலிருந்து விவசாயம் தவிர எல்லா இணைப்புகளுக்கும். ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய இடத்தில் உடனே. இதன் தர்க்கம் எனக்குப் புரிகிறது. பகலில் சூரிய மின்சாரம் பொங்கி வழிகிறது, மாலையில் அது அணைந்ததும் அனல் மின் நிலையம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. மாலைத் தேவையைப் பகலுக்கு நகர்த்தினால் நிலக்கரி மிச்சம். ஆனால் மாலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் ஒரு வீட்டில் ஓடுவது என்ன? மிக்சி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு, பிள்ளை படிக்கும் விளக்கு, மோட்டார். இவற்றைப் பகலுக்கு நகர்த்துவது என்றால் பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், அல்லது இருந்தாக வேண்டும் என்று ஆக வேண்டும். 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். அதில் பங்கெடுக்கும் ஆண் 97 நிமிடம். நகர்த்தச் சொல்லப்படுவது அந்த 299 நிமிடம்தான்.

பத்து சதவீதம் பெரிய தொகையா என்று கேட்கலாம். மாதம் முப்பது நாற்பது ரூபாய்க்குள் இருக்கும். ஆனால் கையில் எண்ணிச் செலவழிக்கும் வீடுகளில் நாற்பது ரூபாய்க்காக எவ்வளவு பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் லாரிக்காக எழுந்து நின்ற நேரத்தையும் ரேஷன் கடைக்கு நின்ற நேரத்தையும் போல இதுவும் ஒரு நேரமாகும். ஆறரை மணிக்குத்தான் மாவாட்டணுமா, பகல்லயே ஆட்டியிருக்கக் கூடாதா என்று வேலையிலிருந்து திரும்பியவளிடம் மாமியாரோ கணவனோ கேட்பதற்கு அரசின் விதியே துணைக்கு நிற்கும். இன்னொன்றும் கவனியுங்கள். விதியிலிருந்து விலக்குப் பெற்றது வயல் மோட்டார். நேரத்தை மாற்றிக்கொள்ள மிகவும் எளிதானது அதுதான். ராத்திரி கரண்டுக்காகப் பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவில் டார்ச் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனவர்கள் பகல் மின்சாரத்தைத்தான் கேட்டுவந்தார்கள். பம்புசெட், குளிர்பதனக் கிடங்கு, ஆலை ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றி, பகலில் மிஞ்சுவதைச் சேமிக்கப் பொதுச் செலவில் பேட்டரி வைத்து, அதற்குப் பிறகு சமையலறைக்கு வந்திருக்கலாம். சமையலறையில் இருக்கும் நேரத்துக்கு விலை கிடையாது என்று எல்லாரும் நினைப்பதால்தான் அதை முதலிலேயே கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நான் அரசின் பக்கம்தான். லாபம் வந்தால்தான் வருவேன் என்பவரிடம் பூமியின் சூட்டை ஒப்படைக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் நிற்கும் பக்கத்தோடுதான் எனக்கு வழக்கு. ஒப்பந்தங்களுக்கு முன்னால் நில விற்பனைகளில் வீட்டுப் பெண்களின் சம்மதத்தைக் கட்டாயமாக்க முடிந்த அரசு அதைச் செய்யவில்லை. குடியிருப்பவர் பெயரில் இணைப்பு தர வாரியத்துக்கு ஒரு தனி நிலையம் கட்ட வேண்டியதில்லை, ஒரு விண்ணப்பப் படிவத்தை மாற்றினால் போதும். ஊருக்குப் பொதுவான கூரையில், பள்ளியிலோ ரேஷன் கடையிலோ, பேனல் வைத்து அதன் யூனிட்டுகளைக் கூரை இல்லாதவர்களின் பில்லில் கழிக்கலாம். டெல்லியில் 2019இலிருந்தே இதற்கு விதிமுறை இருக்கிறது. இவை எதுவும் புரட்சி இல்லை. இவை நடக்காததற்குப் பணம் இல்லை என்பது காரணமும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பேனல் வந்தது. மூன்று கிலோவாட். அதுவரை அந்த மாடி நான்கு குடித்தனப் பெண்களுடையது. துணி காயப்போடுவோம், பங்குனி சித்திரையில் வடாமும் மோர்மிளகாயும், ராத்திரி சமையல் முடிந்து பதினைந்து நிமிடம் யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்கும் இடம். இப்போது பேனல்மேல் ஏதாவது பட்டுவிடும் என்று மாடிக் கதவுக்குப் பூட்டு வந்திருக்கிறது. துணி வராந்தாவில் காய்கிறது, மழைக்காலத்தில் காய்வதில்லை. யூனிட் அதே ஒன்பது.

கோபத்தோடுதான் ஓனர் அம்மாவிடம் பேசப் போனேன். சாவியாவது கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "எனக்கு மட்டும் சாவி இருக்குன்னு நெனச்சியாம்மா?" என்றார். வீடு அவர் கணவர் கட்டியது. கணவர் போன பிறகு மகன் பெயருக்கு மாறிவிட்டது. மகன் அமெரிக்காவில். பேனலுக்கு விண்ணப்பம் போட்டதும், வங்கியில் கடன் எழுதியதும், கதவைப் பூட்டச் சொன்னதும் அவன்தான். சாவி பக்கத்துத் தெருவில் இருக்கும் அவன் சிநேகிதனிடம். "ஊறுகாய்க்கு எலுமிச்சங்கா வாங்கி வெச்சிருக்கேன், காயவைக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டு, முதல் தேதி என்பதால் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனார்.